பால்கனி, தனி மொட்டை மாடி, தரைத்தளத் தோட்டம்: சென்னையில் வாடகைக்குப் போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் புது அடுக்குமாடி வீடுகளை வாடகைக்குத் தேடுபவர்கள் "வெளியில் கொஞ்சம் இடம் இருக்கணும்" என்று கேட்பது அதிகமாகிவிட்டது. விளம்பரத்தில் படம் அழகாகத்தான் இருக்கும். அந்த இடம் சட்டப்படி யாருடையது, மழையில் தண்ணீர் எங்கே போகிறது, எவ்வளவு எடை தாங்கும் என்ற மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

"பிரைவேட் டெரஸ்" என்று புரோக்கர் சொல்கிறார். அது உண்மையிலேயே எங்களுக்கு மட்டும்தானா?

உங்கள் வீட்டுக் கதவைத் திறந்துதான் அங்கே போக முடியும் என்பதால் மட்டும் அது தனி இடமாகிவிடாது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், மொட்டை மாடியைப் படிக்கட்டு, லிஃப்ட், பூங்கா ஆகியவற்றோடு சேர்த்துப் பொது இடங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்காரரின் தனிப் பயன்பாட்டுக்கு என்றே உள்ள திறந்த மாடியையும் பால்கனியையும் அதே சட்டம் வேறு வகையாகச் சொல்கிறது. ஆகவே பார்க்க வேண்டியது ஓனரின் விற்பனைப் பத்திரமும் அதோடு இணைத்த வரைபடமும்தான். அதில் அந்த மாடி "தனிப் பயன்பாடு" என்று சதுர அடியோடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பத்திரம் முழுவதையும் காட்டச் சொன்னால் பல ஓனர்கள் தயங்குவார்கள். சொத்து விவரப் பக்கத்தையும் வரைபடத்தையும் மட்டும் கேளுங்கள், போதும். அதற்கும் மழுப்பினால் அசோசியேஷன் செயலாளரிடம் ஒரு வார்த்தை: "மேல் வீட்டு மாடி அவங்களுக்கு மட்டும்தானா?" பதில் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. மேல்தள வீடுகளில் ஓவர்ஹெட் டேங்க், லிஃப்ட் மோட்டார் அறை, கேபிள் டிஷ் எல்லாவற்றுக்கும் உங்கள் மாடி வழியாகத்தான் போக வேண்டும் என்று அமைந்திருக்கும். அப்படியானால் பிளம்பர் காலை ஆறரை மணிக்குக் கதவைத் தட்டுவார். யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த நேரத்தில் வருவார்கள் என்று முதலிலேயே பேசி எழுதி வையுங்கள். ஓனர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. அசோசியேஷன் ஆட்கள் விஷயத்தை நீங்கள்தான் அக்ரிமென்டில் சேர்க்க வேண்டும்.

வாடகை பேசும்போது பால்கனி, மாடியின் பரப்பும் கணக்கில் வருமா?

வரும். "1,250 சதுர அடி" என்று சொல்லும்போது அதில் சுவர், பால்கனி, படிக்கட்டு லாபிப் பங்கு எல்லாம் அடங்கியிருக்கும். உள்ளே புழங்கும் பரப்பு, அதாவது கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, பால்கனி எவ்வளவு, திறந்த மாடி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மெயின்டனன்ஸ் சதுர அடிக் கணக்கில் வாங்கும் குடியிருப்பாக இருந்தால், திறந்த மாடிக்கும் அதே கட்டணம் போடுகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். 300 சதுர அடி மாடிக்கு சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் மாதம் 1,200 ரூபாய் கூடுகிறது. வாடகையில் 500 ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடிவிட்டு இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய.

வீடு பார்க்கப் போகும்போது வெளி இடத்தில் என்னென்ன சோதிக்கணும்?

ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு ரூபாய் நாணயமும் போதும். கதவோரம் நின்று 10 லிட்டர் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். வடிகால் வாயை நோக்கி அது தானாக ஓட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து எங்காவது குட்டை நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற தண்ணீரில் நாணயம் முழுகினால் அங்கே வாட்டம் சரியில்லை. மழைக்காலம் முழுக்க அந்த இடம் பாசி பிடித்து வழுக்கும், நாளடைவில் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் காட்டும்.

அடுத்தது கதவு நிலைப்படி. பால்கனித் தளத்துக்கும் வீட்டுத் தளத்துக்கும் குறைந்தது 2 அங்குலமாவது உயர வித்தியாசம் வேண்டும். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழை சென்னைக்குப் புதிதல்ல. வடிகால் அடைத்திருந்தால் ஒரே மணி நேரத்தில் 2 அங்குலத் தண்ணீர் நிற்கும். அடுத்த கால் மணி நேரத்தில் அது உங்கள் ஹாலில் இருக்கும். மாடி பெரிதாக இருந்தும் ஒரே ஒரு வடிகால் வாய்தான் என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

கைப்பிடிச் சுவரோ கிரில்லோ குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்கட்டும். சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. படுக்கைக் கம்பிகளாக வைத்த கிரில் குழந்தைக்கு ஏணி மாதிரி. கண்ணாடித் தடுப்பு என்றால் கையால் லேசாக அசைத்துப் பாருங்கள், அடிப்பகுதி போல்ட்டில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஈசிஆர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் பக்கமெல்லாம் உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். பெயின்ட் புதிதாக அடித்திருந்தாலும் கம்பி தரையில் சேரும் இடத்தைச் சுரண்டிப் பார்ப்பதில் தப்பில்லை.

பிளக் பாயின்ட், லைட் சுவிட்ச் எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதும் முக்கியம். உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு மாடி விளக்கைப் போடுங்கள். எரிந்தால் அது பொது மீட்டரிலிருந்து இழுத்தது. நாளைக்கு அசோசியேஷன் கேள்வி கேட்கும். வெளியே உள்ள பிளக்குக்கு மூடியுள்ள, தண்ணீர் புகாத வகைதான் சரி. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்க வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் அது.

எந்தத் திசை பால்கனி நல்லது?

சென்னை சுமார் 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். "வடக்குப் பார்த்த பால்கனி, வெயிலே வராது" என்று சொல்பவர்கள் மே மாதத்தில் வந்து பார்த்ததில்லை என்று அர்த்தம். தெற்குப் பால்கனிக்கு டிசம்பர், ஜனவரியில் வெயில் நன்றாக உள்ளே விழும். கத்திரி வெயிலில் சூரியன் உச்சிக்கு வந்துவிடுவதால் மேல் வீட்டு ஸ்லாபே நிழல் தரும்.

மேற்குப் பக்கம்தான் கொடுமை. பிற்பகல் 2 மணி முதல் 6 மணி வரை தரையும் சுவரும் சூடேறி, இரவு பத்து மணிக்கும் அந்த அறை கக்கிக்கொண்டே இருக்கும். கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் கடல் காற்று வரும். கோடையில் அது நண்பகலுக்குப் பிறகு நுழையும். மே, ஜூனில் மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் தாமதமாகும், சில நாள் எட்டிப் பார்க்காமலே போகும். செடி, காற்று, துணி காய்தல் மூன்றுக்கும் சேர்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தென்கிழக்கு.

தனி மொட்டை மாடி உள்ள வீடு பெரும்பாலும் கடைசித் தளம் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் தலைக்கு மேலே வெறும் கூரை. அதன்மேல் வெள்ளை கூல் ரூஃப் ஓடு பதித்திருக்கிறதா, பழைய தட்டோடா, வெறும் சிமென்ட் பூச்சா என்று கேளுங்கள். வீட்டை இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். கூரையின் சூடு அப்போதுதான் இறங்கும்.

எத்தனை தொட்டி வைக்கலாம்? எடை தாங்குமா?

இதற்குக் கணக்கு இருக்கிறது. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதிப்படி, வீட்டுப் பால்கனி சதுர மீட்டருக்கு சுமார் 300 கிலோ புழங்கு எடைக்கு வடிவமைக்கப்பட வேண்டும். ஏறிப் போகக்கூடிய கூரைக்கு அதில் பாதி, 150 கிலோ. அதாவது பால்கனியில் சதுர அடிக்கு சுமார் 28 கிலோ, மொட்டை மாடியில் 14 கிலோ. மொட்டை மாடிதான் அதிகம் தாங்கும் என்று பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

12 அங்குலத் தொட்டியில் செம்மண்ணும் எருவும் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் சுமார் 25 கிலோ. அதே தொட்டியில் தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் என்றால் 15 கிலோவுக்குள் முடியும். இருபது தொட்டியில் 200 கிலோ மிச்சம். 24 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள வட்ட வடிவ வளர்ப்புப் பை செம்மண்ணோடு 120 கிலோவைத் தாண்டும். அதை நாலைந்து ஒட்டி ஒட்டி வைத்தால் மொட்டை மாடிக் கணக்கைச் சுலபமாக மீறிவிடும்.

பால்கனி சுவரிலிருந்து வெளியே நீட்டிய பலகை மாதிரி. கனமான தொட்டிகளைச் சுவரோரமும் தூண் பக்கமும் வையுங்கள். வெளி ஓரத்தில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் சுவரோரத்தில் வைப்பதைவிட ஸ்லாபை அதிகமாக வளைக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே வேண்டாம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தபோது வேரூன்றிய மரங்களே சாய்ந்தன, தொட்டி எம்மாத்திரம்.

குழந்தைகளுக்கு ரப்பர் நீச்சல் குளம் வாங்கும் ஆசை இருந்தால் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்: ஒரு அடி ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 300 கிலோ. மொட்டை மாடிக் கணக்கில் சரியாக இரண்டு மடங்கு. அரை அடிக்கு மேல் நிரப்பக் கூடாது. அதற்கே ஓனர் சம்மதம் வேண்டும்.

கீழ்வீட்டில் ஒழுகுகிறது, உங்கள் செடிதான் காரணம் என்கிறார்கள். யார் செலவு?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். முதலில் எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள். மழையும் இல்லாமல், செடிக்குத் தண்ணீரும் ஊற்றாத நாட்களிலும் சொட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தண்ணீர்க் குழாயோ பாத்ரூமோதான் காரணம், செடியல்ல. மழைக்கு மட்டும் ஒழுகினால் மூன்று இடங்கள் சந்தேகத்துக்குரியவை: வடிகால் குழாய் ஸ்லாபைத் துளைத்து இறங்கும் வாய், தரையும் சுவரும் சேரும் மூலை, ஓடுகளின் இடைப்பூச்சு. தொட்டி வைத்த இடத்துக்கு நேர் கீழே மட்டும் ஈரம் என்றால் உங்கள் பக்கம் தப்பிருக்கலாம்.

உறுதி செய்ய, மழைநீர்க் குழாயைத் துணியால் அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுவார்கள். வண்ணப்பொடி கலந்தால் கீழே வரும் சொட்டே சாட்சி. இதை ஓனருக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம்.

செலவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டத்தின் அட்டவணை, வேலைகளைப் பிரித்திருக்கிறது. கட்டட அமைப்புப் பழுது, சுவர் வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின்கம்பிப் பாதை ஆகியவை ஓனருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கொசு வலை, வடிகால் சுத்தம் செய்வது ஆகியவை வாடகைதாரருக்கு. "வாடகைக்கு விட்ட அல்லது வாடகைதாரர் பயன்படுத்தும் தோட்டம், திறந்த வெளிகளின் பராமரிப்பு" என்பதும் வாடகைதாரர் பட்டியலில்தான் வருகிறது. இந்த வரி பலர் கண்ணில் படுவதில்லை. நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டால் அதைக் கட்டட அமைப்புப் பழுதாக ஓனரிடம் கேட்க உங்களுக்கு இடமுண்டு. வடிகாலில் உங்கள் தென்னைநார் அடைத்துத் தண்ணீர் தேங்கியதால் ஒழுகினால், பராமரிப்பு என்று உங்கள் தலையில் விழும். இரண்டுக்கும் நடுவே சண்டை வராமல் இருக்க வேண்டுமானால் அக்ரிமென்டில் தெளிவாக எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது? ஒரு மாதிரி கிடைக்குமா?

இப்படி எழுதலாம்:

"வாடகைக்கு விடப்படும் சொத்தில் ஐந்தாம் தள வீட்டின் படுக்கையறையை ஒட்டிய சுமார் 220 சதுர அடி திறந்த மாடியும் அடங்கும். அது வாடகைதாரரின் தனிப் பயன்பாட்டுக்கு மட்டும். மாடியின் தளம், நீர்த்தடுப்பு, கைப்பிடிச் சுவர், மழைநீர்க் குழாய் ஆகியவற்றின் பழுதுகளை உரிமையாளர் தம் செலவில் செய்து தருவார். வடிகால் வாயைச் சுத்தமாக வைப்பது வாடகைதாரர் பொறுப்பு. வாடகைதாரர் துளையிட்டதாலோ வடிகாலை அடைக்க விட்டதாலோ ஏற்படும் சேதத்துக்கு மட்டும் அவர் பொறுப்பாவார். குடிவந்த நாளில் எடுத்த படங்கள் இணைப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளன."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். குடிவரும் நாளில் ஒவ்வொரு விரிசல், உடைந்த ஓடு, துரு, கீழ்வீட்டுக் கூரையில் ஏற்கெனவே இருக்கும் கறை (கீழ்வீட்டார் அனுமதித்தால்) எல்லாவற்றையும் படம் பிடித்து, அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

11 மாத ஒப்பந்தம் என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யவும் வேண்டும். அதற்குத் தமிழக அரசின் இணையதளம் இருக்கிறது, பதிவானதும் ஒரு பதிவு எண் தருவார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது சட்டத்தின் பொது விதி. ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று சட்டமே வழிவிட்டிருக்கிறது. ஐந்து, ஆறு மாதம் கேட்பவர்கள் அந்த வழியில்தான் வருகிறார்கள்.

வாஷிங் மெஷினை பால்கனியில் வைக்கலாமா?

அதற்கென்று குழாயும் கழிவுநீர் வாயும் கொடுத்திருந்தால் மட்டும். பால்கனியில் இருக்கும் வடிகால் பெரும்பாலும் மழைநீருக்கானது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழாய் நேரே சம்புக்கோ உறிஞ்சு கிணற்றுக்கோ போகும். உங்கள் சோப்புத் தண்ணீர் குடியிருப்பின் கிணற்றில் போய்ச் சேரும். நாற்றம் வந்த பிறகு தேடிக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

புறாத் தொல்லை. வலை அடிக்க ஓனரிடம் கேட்கணுமா?

கேட்க வேண்டும், எழுத்தில். வலைக்குக் கொக்கி மாட்ட ஓரடிக்கு ஒரு துளை போடுவார்கள். துளை சுவரிலும் மேல் ஸ்லாபின் அடியிலும் மட்டும் இருக்கட்டும், தரையில் ஒன்றுகூட வேண்டாம். நீர்த்தடுப்புப் பூச்சு அங்கேதான் கிழியும். எஃகுக் கம்பி இழுக்கும் கண்ணுக்குத் தெரியாத கிரில் போடுவதென்றால், கடற்கரைப் பகுதியில் 304 ரக எஃகு பழுப்புக் கறை பிடிக்கும், 316 ரகம் கேளுங்கள். காலி செய்யும்போது வலை யாருக்கு என்பதையும் பேசிவிடுங்கள். கழற்றி எடுத்துப் போய் அடுத்த வீட்டில் மாட்ட முடியாத பொருள் அது, அளவு பொருந்தாது. பாதிச் செலவை ஓனர் ஏற்கக் கேட்பது நியாயமே.

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசத்தோடு கழுவுங்கள்.

தொட்டித் தட்டுகளில் கொசு வருமா?

வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் சங்கிலி அறுந்துவிடும். ஏசித் தண்ணீர் பிடிக்கும் வாளியையும் மறக்காதீர்கள்.

தரைத்தள வீடு, பின்னால் சின்னத் தோட்டம். எடுக்கலாமா?

முதலில் தெருவைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று மூலைக்கடைக்காரரிடம் கேட்டால் முழங்காலா இடுப்பா என்று சொல்லிவிடுவார். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்கவே வேண்டாம்.

பிறகு தோட்டத்தில் மேன்ஹோல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். முழுக் கட்டடத்தின் கழிவுநீரும் அதன் வழியாகப் போனால், அடைப்பு எடுக்க வருபவர்கள் உங்கள் துளசிச் செடிக்குப் பக்கத்தில்தான் மூடியைத் திறப்பார்கள். கனமழையில் அது பொங்குவதும் உண்டு. கட்டட விதிப்படி காலியாக விட்ட பக்க இடத்தைத்தான் பல இடங்களில் "தோட்டம்" என்று தனியாகக் கொடுக்கிறார்கள். அங்கே ஷெட் போட, கூரை இறக்க ஓனர் சரி என்றாலும் நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேல்வீடுகளிலிருந்து சிகரெட் துண்டும் கிளிப்பும் விழும். அதற்குச் சட்டம் எதுவும் உதவாது, நிழல் வலை உதவும்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்யணும்?

வடிகால் வாயைச் சுத்தம் செய்வது முதல் வேலை. சல்லடை மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டுச் சருகை எடுங்கள். தொட்டிகளைச் சுவரோரமாகத் தரையில் சேர்த்து வையுங்கள், உயரமான செடிகளைப் படுக்க வையுங்கள். நாற்காலி, கொடிக்கம்பு, நிழல் வலை எல்லாம் உள்ளே. நிழல் வலையைக் கழற்றாமல் விட்டால் காற்றில் பாய்மரம் போலப் புடைத்துக் கொக்கியோடு சுவர்ப்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு போகும். நிலைப்படிக்கு வெளியே பழைய துணியைச் சுருட்டி வைத்தால் சாரல் உள்ளே வருவது குறையும்.

காலி செய்யும்போது அட்வான்ஸில் எதைப் பிடிப்பார்கள்?

பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே பழக்கம். சட்டத்தின் அட்டவணையில் வெள்ளையடிப்பு ஓனர் பொறுப்பு என்பதால், அக்ரிமென்டில் எழுதியிருந்தால் ஒழிய நீங்கள் மறுத்துப் பேசலாம். வெளி இடத்துக்காகப் பிடிப்பது பெரும்பாலும் மூன்றுக்கு: தொட்டியடி வட்டக் கறை, துளைகள், உடைந்த ஓடு. தொட்டியை முதல் நாளிலிருந்தே கால் வைத்த தாங்கியில் வைத்திருந்தால் கறையே விழாது. விழுந்த வெள்ளை உப்புக் கறை நீர்த்த வினிகரில் போகும், சிமென்ட் தரையிலும் பளிங்கிலும் மட்டும் அதை ஊற்றாதீர்கள், அரிக்கும். துளைகளை வெள்ளை சிமென்ட் வைத்து நீங்களே அடைத்துவிடுங்கள். பிடித்தம் போக மீதியை காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

லாரி பேசும்போது தொட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள், சாமான் கணக்கில் அவற்றைச் சேர்க்க மாட்டார்கள். வண்டி வரும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் தூக்குபவர்கள் முனகாமல் தூக்குவார்கள்.